அத்தியாயம் 6: உருமாற்ற விதிகளில் மயக்கம் தீர்ப்பது எப்படி?

போக்கிமான் போட்டிகளை நண்பர்களுக்குள்ளேயே நடத்துவதென்று தீர்மானித்து, அணிப்பட்டியல்களைச் சேகரித்து, நடுவர்களையும் நியமித்து, முதல் சில பந்தயங்களை யாதொரு விக்கினமுமின்றி நடத்திவிட்ட ஒரு லீக்கில் முதல் சச்சரவு எதைப் பற்றி எழும் என்று கேட்டால், அது பெரும்பாலும் உருமாற்றத்தைப் பற்றியே எழும் என்று தயக்கமின்றிச் சொல்லலாம். மின்சாரத் தாக்குதல் நீர் டைப் போக்கிமானை இரு மடங்கு பாதிக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் டிட்டோ என்னும் அந்த இளஞ்சிவப்புக் கூழ் எதிரியின் ஸ்வரூபத்தை மேற்கொண்ட மறுகணமே, களத்தில் நிற்பது எது, அதற்கு எவ்வளவு உயிர் மிச்சமிருக்கிறது, அது எந்தத் தடைக்கு உட்பட்டது என்று மூன்று கேள்விகள் ஒருங்கே கிளம்பிவிடுகின்றன.

அசல் விளையாட்டில் இந்த விவாதத்துக்கு இடமில்லை; 1996 பிப்ரவரியில் ஜப்பானில் முதல் பதிப்புகள் வெளிவந்த நாளிலிருந்து அங்கே தீர்ப்புச் சொல்வது யந்திரம், யந்திரத்தோடு யாரும் வழக்காடுவதில்லை. ரசிகர்களே உருவாக்கி 2011 முதல் நடத்திவரும் போக்கிமான் ஷோடவுன் போன்ற போலிக்களங்களிலும் நிரலே நடுவராக இருக்கிறது. ஆயினும் உங்கள் லீக்குக்கென்று நீங்கள் சேர்த்துக்கொள்ளும் நிபந்தனைகள் நிரலில் இல்லை, வாக்கியங்களில் இருக்கின்றன. பகடையும் காகிதமும் கொண்டு மனித நடுவரே கணக்குப் போட்டு நடத்தும் ஆட்டங்களிலோ எல்லா விதியுமே வாக்கியந்தான். வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம் வந்தால், தோற்கும் தறுவாயில் இருப்பவர் தமக்குச் சாதகமான அர்த்தத்தைக் கண்டுபிடித்தே தீருவார். அதில் அவரைக் குறை சொல்வதும் நியாயமாகாது.

இந்த அத்தியாயம் அத்தகைய விதியை எடுத்துவைத்துக்கொண்டு, அதைப் பரீட்சித்து, ஒரே அர்த்தம் தரும்படி திருப்பி எழுதும் காரியத்தை மட்டுமே சொல்லுகிறது. எந்த உருமாற்றத்தை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்பது உங்கள் லீக்கின் ருசியைப் பொறுத்தது.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

1. இப்போது நடைமுறையில் இருக்கும் விதித்தொகுப்பின் ஒரு பிரதி. மூலத்தைத் தொடாமல் பிரதியில்தான் வேலை செய்ய வேண்டும்.
2. உங்கள் லீக் எந்தத் தலைமுறை விளையாட்டைப் பின்பற்றுகிறது என்ற தீர்மானம். இது இல்லாவிட்டால் மேலே படிப்பதில் பயனில்லை.
3. இதுவரை எழுந்த சச்சரவுகளின் குறிப்பு: யார் வாதிட்டார் என்பது வேண்டாம், என்ன வாதிட்டார் என்பது போதும்.
4. விதிகளை எழுதாத ஒரு நண்பர். எழுதியவர் கண்ணுக்குத் தம் வாக்கியம் எப்போதுமே தெளிவாகத்தான் தோன்றும்.

முதலில் இனம் பிரியுங்கள்

‘உருமாற்றம்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் எல்லாவற்றையும் அடக்க முற்படுவதே மயக்கத்துக்கு மூல காரணம். இந்த விளையாட்டில் உருமாற்றம் என்று வழங்குவன, காரியத்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு வகைகள்.

நகலெடுத்தல் முதல் வகை. டிட்டோவும் மியூவும் ட்ரான்ஸ்ஃபார்ம் என்ற மூவால் எதிரியின் வடிவத்தைக் கொள்வதும், 2010-இல் தொடங்கிய ஐந்தாம் தலைமுறையில் வந்த இம்போஸ்டர் என்ற எபிலிட்டியால் டிட்டோ களத்தில் காலடி வைத்தவுடனே எதிரில் நிற்பதாக மாறிவிடுவதும் இதில் அடங்கும். ஆட்டக்காரர் பந்தயத்தில் ஒரே ஒரு முறை பிரயோகிக்கும் எழுச்சி இரண்டாம் வகை: 2013-இல் எக்ஸ், ஒய் பதிப்புகளில் வந்த மெகா எவல்யூஷன், 2019-இல் வந்த டைனமாக்ஸ், 2022-இல் வந்த டெராஸ்டல் ஆகியவை இவை. மூன்றாவது, ஏஜிஸ்லாஷ் வாளாகவும் கேடயமாகவும் மாறி மாறி நிற்பது போல ஓர் இனம் தனக்குள்ளேயே வடிவம் மாற்றிக்கொள்வது. நான்காவது வெறும் வேஷம். ஸோரோவார்க் தன் இல்யூஷன் எபிலிட்டியால் அணியின் கடைசித் தோழனைப் போலத் தோற்றமளிக்கிறதே தவிர, உள்ளே அது ஸோரோவார்க்காகவே இருக்கிறது, தாக்குதல் ஒன்று நேரே பட்டவுடன் வேஷமும் கலைந்துவிடுகிறது.

ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி விதி எழுதுங்கள். ‘உருமாறிய போக்கிமானுக்கு இந்தச் சலுகை இல்லை’ என்ற வாக்கியம் உங்கள் தொகுப்பில் எங்கேனும் இருந்தால், நான்கில் எதைக் கருதினீர்கள் என்று அதன் பக்கத்திலேயே குறித்துவிட்டு அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

படி 1: வாக்கியத்தை நான்கு கேள்விகளால் சோதியுங்கள்

நம் கைக்கு வரும் விதி பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘உருமாறும் போக்கிமான் எதிரியின் தன்மைகளைப் பெறும்.’ கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. அதனிடம் பின்வரும் நான்கு கேள்விகளையும் இதே வரிசையில் கேளுங்கள்.

1. எது எது வருகிறது?
2. எது எது பழையபடியே நிற்கிறது?
3. எந்தக் கணத்தில்?
4. எதுவரையில்?

முதல் இரண்டையும் ஓர் உதாரணத்தால் பார்ப்போம். டிட்டோவின் அடிப்படை ஹெச்.பி. 48, நூறாவது லெவலில், எல்லா முயற்சியும் ஹெச்.பி.க்கே செலவிடப்பட்டிருந்தால் அது அதிகபட்சம் 300 ஆகிறது. அது ஏற்கெனவே அடிபட்டு 150-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரே நிற்பது பிளிஸ்ஸி. அதன் அடிப்படை ஹெச்.பி. 255, அதே நிபந்தனையில் அதிகபட்சம் 714. டிட்டோ பிளிஸ்ஸியாக மாறுகிறது. மேலே சொன்ன விதிப்படி இப்போது அதற்கு உயிர் எவ்வளவு?

தன்மைகளில் ஹெச்.பி.யும் ஒன்றுதானே என்பார் டிட்டோவின் சொந்தக்காரர், 714 கேட்பார். உருவந்தான் மாறியது, காயம் மாறவில்லை, ஆகவே 150 என்பார் எதிராளி. சமரசத்தில் ஆசையுள்ள நடுவரோ, பாதி உயிரோடிருந்தது பாதி உயிரோடு மாறட்டும் என்று 357 வழங்குவார். மூன்று பேருமே விதியைப் படித்துவிட்டுத்தான் பேசுகிறார்கள், மூன்று தீர்ப்புக்கும் அந்த ஒரு வாக்கியம் இடங்கொடுக்கிறது. அசல் விளையாட்டின் விடை 150. அதிகபட்சமும் 300-ஆகவே நிற்கும்.

வருவன, நிற்பன இரண்டையும் பெயர் சொல்லிப் பட்டியலிட்டுவிடுவதே இதற்கு மருந்து. இன்றைய தலைமுறைகளின் வழக்கப்படி ட்ரான்ஸ்ஃபார்மில் வருவன: தோற்றம், டைப், நான்கு மூவ்கள் (ஒவ்வொன்றுக்கும் ஐந்து பி.பி., அதாவது ஐந்து பிரயோகம் மாத்திரம்), ஹெச்.பி. நீங்கலான ஐந்து திறன் எண்கள், அவற்றின்மேல் அப்போது ஏறியும் இறங்கியும் இருக்கும் படிகள், எபிலிட்டி, எடை. நிற்பன: ஹெச்.பி.யும் அதன் அதிகபட்சமும், லெவல், கையிலிருக்கும் பொருள், விஷம் தீக்காயம் முதலிய உபாதைகள். டெராஸ்டலுக்குரிய டெரா டைப்பும் டிட்டோவின் சொந்த டைப்பாகவே நிற்கும்.

இரண்டு இடங்களில் நடுவர்கள் அடிக்கடி இடறுகிறார்கள். திறன் எண்கள் எதிரியிடமிருந்து அப்படியே வருகின்றன, லெவலோ வருவதில்லை. ஆகையால் ஐம்பதாம் லெவல் டிட்டோ நூறாம் லெவல் எதிரியை நகலெடுத்தால், தாக்குதல் எண் எதிரியுடையது, சேதக் கணக்கில் போடவேண்டிய லெவல் ஐம்பது. லெவல் வித்தியாசத்தைச் சலுகையாகக் கொடுக்கும் லீக்குகளில் இது சின்ன விஷயமன்று. மற்றொன்று பொருள். சாய்ஸ் ஸ்கார்ஃப் அணிந்த டிட்டோ, ஸ்கார்ஃப் இல்லாத எதிரியை நகலெடுத்தவுடன் அதே வேகத்தில் ஒன்றரை மடங்கு பெற்று முந்திக்கொள்கிறது. எதிரியும் ஸ்கார்ஃப் அணிந்திருந்தால் இரண்டும் சமவேகம், யார் முந்துவதென்பது அதிருஷ்டத்தின் பாடு. இந்த இரண்டு கணக்கையும் விதியின் அடியிலேயே உதாரணமாக எழுதிவிட்டால் பாதி வழக்கு குறையும்.

*குறிப்பு:* பட்டியலின் முடிவில் ‘முதலியன’ என்று எழுதாதீர்கள். மூன்றாவது வாதம் அந்தச் சொல்லுக்குள்ளிருந்துதான் புறப்படும். அதற்குப் பதிலாக, ‘இங்கே பெயர் சொல்லப்படாத யாவும் பழையபடியே நிற்கும்’ என்று முடியுங்கள்.

படி 2: கணத்தை நிர்ணயியுங்கள்

எது வருகிறது என்பதில் ஒத்துப்போனவர்களும் எப்போது வருகிறது என்பதில் பிரிந்துவிடுவார்கள். இதற்கு அசல் விளையாட்டின் சரித்திரத்திலேயே ஒரு நல்ல திருஷ்டாந்தம் இருக்கிறது.

பீட்ரில் என்ற குளவியின் அடிப்படை வேகம் 75. மெகா நிலையில் அது 145. நூறாம் லெவலில், வேகத்தை வளர்க்கும் சுபாவமும் முழு முயற்சியும் சேர்ந்தால், முன்னது 273 ஆகவும் பின்னது 427 ஆகவும் வருகிறது. எதிரே அதே விதமாக வளர்க்கப்பட்ட கார்ச்சாம்ப் நிற்கிறது. அதன் அடிப்படை வேகம் 102, கணக்கிட்டால் 333. மெகா எவல்யூஷன் டர்னின் தொடக்கத்திலேயே, மூவ்களுக்கு முன்பாகவே நிகழ்ந்துவிடுகிறது. அப்படியானால் அந்த டர்னில் முந்துவது யார்?

ஆறாம் தலைமுறையில் கார்ச்சாம்ப். அங்கே மூவ்களின் வரிசை பழைய வேகமான 273-ஐக் கொண்டே தீர்மானிக்கப்பட்டது. குளவி கண்ணெதிரே மெகாவாக மாறி நின்ற பிறகும் அந்த ஒரு டர்ன் மட்டும் பின்தங்கியே அடித்தது. அதனால்தான் அந்நாளில் பீட்ரில் வைத்திருந்தவர்கள் மெகாவாகும் டர்னில் ப்ரொடெக்ட் என்ற தற்காப்பு மூவைச் செய்து காலம் கடத்தினார்கள். 2016-இல் வந்த ஏழாம் தலைமுறையில் இந்த முறை மாற்றப்பட்டு, புதிய வேகம் அதே டர்னிலேயே செல்லுபடியாயிற்று, பீட்ரில் முந்திற்று. எந்தத் தலைமுறை என்று சொல்லாத விதியில் இரண்டு தரப்பும் ஆதாரத்தோடு வாதாடலாம் என்பது இதனால் விளங்கும்.

கணத்தை எழுதும்போது இந்த ஒழுங்கைக் கையாளுங்கள்:

1. ஒரு டர்னில் நிகழ்பவற்றை வரிசையாக எழுதுங்கள்: ஆட்களை மாற்றுதல், எழுச்சி உருமாற்றம், மூவ்கள், டர்ன் முடிவில் விஷம் முதலியவற்றின் சேதம்.
2. ஒவ்வொரு வகை உருமாற்றமும் இந்த வரிசையில் எந்த இடத்தில் விழுகிறது என்று குறியுங்கள்.
3. வேக வரிசை எந்த இடத்தில் கணக்கிடப்படுகிறது என்பதையும் அதே வரிசையில் குறியுங்கள்.
4. முடியும் கணத்தையும் எழுதுங்கள். ட்ரான்ஸ்ஃபார்ம் களத்தைவிட்டுத் திரும்பியவுடனோ வீழ்ந்தவுடனோ முடிகிறது. மெகா நிலை உள்ளே போய் வந்தாலும் நீடிக்கிறது. டைனமாக்ஸ் மூன்று டர்ன், மாறிய டர்னும் அந்த மூன்றில் சேர்த்தி, இடையில் உள்ளே போனால் அப்போதே தீர்ந்தது.

டைனமாக்ஸ் கணக்கில் ‘மூன்று டர்ன்’ என்று மட்டும் எழுதிவிட்டு, முதல் டர்ன் சேருமா சேராதா என்று எழுதாமல் விட்ட தொகுப்புகள் அநேகம்.

படி 3: பட்டியலில் உள்ளதா, களத்தில் உள்ளதா?

மற்றப் படிகளை அவசரத்தில் தாண்டினாலும் இதை மட்டும் தாண்டாதீர்கள். லீக்கின் தடை விதிகள் ஒவ்வொன்றும் அணிப்பட்டியலில் எழுதியிருப்பதைப் பார்க்கிறதா, களத்தில் இப்போது நிற்பதைப் பார்க்கிறதா என்று தீர்மானிக்க வேண்டும்.

ரசிகர் போட்டிகளில் பரவலாக வழங்கும் ஸ்பீஷீஸ் கிளாஸ், ஓர் அணியில் ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு போக்கிமான் கூடாது என்கிறது. உங்கள் அணியில் கார்ச்சாம்ப் இருக்க, எதிரியின் கார்ச்சாம்பை உங்கள் டிட்டோ நகலெடுத்தால் விதி மீறப்பட்டதா? இல்லை, அந்த விதி பட்டியலைப் பார்க்கும் விதி, பட்டியலில் டிட்டோ டிட்டோவாகவே இருக்கிறது. மெகாவும் அவ்விதமே. எதிரியின் மெகா வடிவத்தை டிட்டோ நகலெடுத்துக்கொண்டாலும், அதன் சொந்தக்காரர் தமக்குரிய ஒரு மெகாவைச் செலவழித்துவிட்டதாக ஆகாது. அவர் பின்னால் தம் மற்றொரு போக்கிமானை மெகாவாக்கலாம். ஆனால் டிட்டோவின் கையில் மெகாக் கல்லைக் கொடுத்துவைத்து, நகலெடுத்த பிறகு அதனால் மெகாவாக முயல்வது நடவாது. உள்ளே இருப்பது டிட்டோதான்.

தடை எழுதும் பாணிக்கு நல்ல முன்மாதிரி வேண்டுமானால், ஸ்மோகன் என்ற ரசிகர் சமூகத்தார் மெகா ரெய்க்வாஸாவைக் கட்டுப்படுத்திய விதத்தைப் பாருங்கள். மற்ற மெகாக்களுக்குக் கல் வேண்டும். ரெய்க்வாஸாவுக்கோ கல் வேண்டியதில்லை, டிராகன் அஸெண்ட் என்ற மூவ் தெரிந்திருந்தால் போதும். ஆகவே ‘இன்ன கல் தடை’ என்று எழுதி அதை நிறுத்த வழியில்லை. பயங்கர பலசாலிகளுக்கென்றே இருந்த ஊபர்ஸ் பிரிவில்கூட அதைச் சமாளிக்க இயலாமல், கட்டுப்பாடே இல்லாத எனிதிங் கோஸ் என்ற புதிய பிரிவொன்று தோன்றவேண்டியதாயிற்று. ஊபர்ஸில் நிலைத்த விதி என்னவென்றால், ரெய்க்வாஸாவை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை மெகாவாக்கக்கூடாது என்பது. தடை பிராணியின்மேல் விழாமல் ஆட்டக்காரர் செய்யும் செயலின்மேல் விழுகிறது. 2019 டிசம்பரில் அதே சமூகத்தார் தங்கள் பிரதான பிரிவில் டைனமாக்ஸை விலக்கியபோதும் விலக்கப்பட்டது செயலே, போக்கிமான்கள் தப்பின. செயலைத் தடுக்கும் விதியில் டிட்டோ நுழைந்து குழப்ப வாய்ப்பு மிகக் குறைவு.

படி 4: சிக்கலான சந்தர்ப்பங்களில் ஓட்டிப் பாருங்கள்

திருத்திய விதியை அப்படியே பிரசுரித்துவிடாமல், கீழ்க்கண்ட சந்தர்ப்பங்களை, விதிகளை எழுதாத அந்த நண்பரிடம் கொடுத்து, விதியை மட்டும் படித்துத் தீர்ப்புச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது.

1. டிட்டோவும் டிட்டோவும் எதிரெதிரே நிற்கின்றன. முதல் தலைமுறையில் இவை ஒன்றையொன்று மாறி மாறி நகலெடுத்து, ஒவ்வொரு முறையும் பி.பி. புதுப்பிக்கப்பட, பந்தயம் முடிவே இல்லாமல் நீளக் கூடியதாக இருந்தது. பிந்திய தலைமுறைகளில் ஏற்கெனவே உருமாறியதை நகலெடுக்க முடியாது.
2. எதிரி சப்ஸ்டிட்யூட் பொம்மைக்குப் பின்னால் நிற்கிறது. ஐந்தாம் தலைமுறை முதல் நகலெடுப்பு தவறும்.
3. எதிரில் நிற்பது வேஷம் போட்ட ஸோரோவார்க். இதிலும் தவறும், ஆனால் அந்தத் தவறுதலே வேஷத்தைக் காட்டிக்கொடுத்துவிடுமாதலால், நடுவர் அதை எந்த வார்த்தைகளில் அறிவிக்கவேண்டும் என்றும் விதியில் இருக்கட்டும்.
4. வாள் நிலையில் நிற்கும் ஏஜிஸ்லாஷை டிட்டோ நகலெடுக்கிறது. வடிவம் மாற்றும் எபிலிட்டி டிட்டோவிடம் வேலை செய்யாது. உயர்ந்த தாக்குதலோடும் மெல்லிய தற்காப்போடும் அது வாளாகவே நின்றுவிடுகிறது.
5. இரட்டையர் ஆட்டத்தில் இம்போஸ்டர் டிட்டோ இறங்குகிறது. அது நேர் எதிரே நிற்பதையே நகலெடுக்கும். ஆகையால் காகிதத்தில் ஆடும் லீக்கில் இடது வலது இருக்கைகளை முன்கூட்டியே குறித்திருக்க வேண்டும்.
6. ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் ஆடித் தாக்குதலை இரண்டு படி ஏற்றிக்கொண்ட எதிரியை டிட்டோ நகலெடுக்கிறது. அந்த இரண்டு படியும் சேர்ந்தே வரும்.
7. குயிக் பவுடர் வைத்திருக்கும் டிட்டோ. உருமாறாத வரையில் வேகம் இரு மடங்கு. உருமாறியவுடன் அந்தப் பயன் போய்விடும்.

நண்பர் எந்தச் சந்தர்ப்பத்தில் தயங்குகிறாரோ அந்தத் தயக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் தவறான தீர்ப்புச் சொன்னால் விதியில் ஒரு சொல் பிழை என்று பொருள். தயங்கினால் ஒரு வாக்கியமே விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

படி 5: எழுதுங்கள்

நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை நன்னூலார் வகுத்துச் சொல்லியிருக்கிறார். அவற்றுள் குன்றக் கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல் என்ற மூன்றும் டிட்டோவுக்காகவே எழுதப்பட்டனவோ என்று எனக்கு அடிக்கடி தோன்றுவதுண்டு. பழைய வாக்கியத்துக்குப் பதிலாகப் பின்வரும் மாதிரியை எடுத்துக்கொண்டு, உங்கள் லீக்குக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

*நகலெடுப்பு விதி (ஏழாம் தலைமுறை வழக்கைப் பின்பற்றியது)*

அ. ட்ரான்ஸ்ஃபார்ம், இம்போஸ்டர் இரண்டுக்கு மட்டுமே இந்த விதி உரியது.

ஆ. நகலெடுத்த கணத்தில் எதிரிக்கு இருந்த தோற்றம், டைப், மூவ்கள், ஹெச்.பி. நீங்கலான திறன் எண்கள், அவற்றின் படிகள், எபிலிட்டி, எடை ஆகியவை வரும். ஒவ்வொரு மூவுக்கும் பி.பி. ஐந்து. பின்னால் எதிரியிடம் நேரும் மாறுதல் எதுவும் நகலைப் பாதிக்காது.

இ. ஆ பிரிவில் பெயர் சொல்லப்படாத யாவும் பழையபடியே நிற்கும்.

ஈ. எதிரி ஏற்கெனவே உருமாறியிருந்தாலும், பொம்மைக்குப் பின்னால் நின்றாலும், இல்யூஷன் வேஷத்தில் இருந்தாலும் நகலெடுப்பு தவறும். நடுவர் ‘தவறியது’ என்று மட்டும் அறிவிப்பார், காரணம் சொல்லமாட்டார்.

உ. களத்தைவிட்டுத் திரும்பியவுடனோ வீழ்ந்தவுடனோ நகல் நீங்கும்.

ஊ. அணித்தேர்வைப் பற்றிய எல்லாத் தடைகளும் அணிப்பட்டியலையே பார்க்கும். களத்துத் தோற்றத்தைப் பார்க்கமாட்டா.

ஆ பிரிவின் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். டிட்டோ நகலெடுத்த பிறகு எதிரி மேலும் இரண்டு படி ஏறினால் தமக்கும் அது உண்டா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வாக்கியம் இருந்துவிட்டால் கேள்வி எழாது.

சாதாரணமாக நேரும் பிழைகள்

‘மற்றவை அசல் விளையாட்டில் உள்ளபடி’ என்று எழுதிவிட்டுத் தலைமுறையைக் குறிப்பிடாமல் விடுவது முதன்மையானது. பீட்ரில் விஷயத்தில் பார்த்தோமே, அசல் என்று ஒன்று இல்லை. பல அசல்கள் இருக்கின்றன.

ஒரே விதியை இரண்டு இடங்களில் எழுதுவது அடுத்தது. தொடக்கக்காரர்களுக்கான சுருக்கத்தில் ஒரு விதமாகவும் முழுத் தொகுப்பில் வேறு விதமாகவும் இருந்தால், இரண்டையும் காட்டி வாதாடுவார்கள். சுருக்கத்தின் தலையிலேயே, முரண்பட்டால் முழுத்தொகுப்பே செல்லும் என்று எழுதிவிடுங்கள்.

விதியின் உள்நோக்கத்தைச் சொல்லித் தீர்ப்பளிப்பது பல நடுவர்களுக்குப் பிரியமான வழி. என் அபிப்பிராயத்தில் அது ஆபத்தான வழி. உள்நோக்கம் எழுதினவர் மனத்தில் இருக்கிறது. ஆட்டக்காரர் கையில் இருப்பது எழுத்து. எழுத்து போதவில்லையென்றால், போதவில்லை என்று ஒப்புக்கொண்டு தற்காலிகத் தீர்ப்பு வழங்கலாம்.

ஒரே ஒரு சச்சரவை மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு மட்டும் பொருந்தும் விலக்கு ஒன்றைச் சேர்ப்பதும் தவறு. விலக்குக்கு விலக்கு என்று மூன்றாவது அடுக்கு வந்துவிட்டால், அந்த விதியை ஒட்டுப்போடாமல் முழுதும் புதிதாக எழுதுங்கள்.

பாதுகாப்பு

திருத்தத்தைப் பந்தயங்களுக்கு நடுவே அமலுக்குக் கொண்டுவரக் கூடாது. அணிகளைப் பழைய விதியை நம்பித் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆகையால் அமல் தேதியைக் குறித்து, அதற்குமுன் தொடங்கிய பந்தயங்கள் பழைய விதிப்படியே முடியட்டும் என்று அறிவியுங்கள். பழைய பதிப்பைத் தேதியிட்டுப் பத்திரப்படுத்துங்கள், அழிக்காதீர்கள். பகிர்ந்து திருத்தும் ஆவணமானால், திருத்தும் உரிமை இரண்டு பேருக்குமேல் வேண்டாம்.

சச்சரவுக் குறிப்புகளில் ஆட்டக்காரர்களின் நிஜப் பெயர், பள்ளி, தொலைபேசி எண் ஒன்றும் இருக்கக்கூடாது. இந்த ஆட்டத்தில் சிறுவர்கள் அநேகர். விதியை விளக்க உண்மைப் பந்தயத்தையே உதாரணமாகக் காட்டி, தோற்றவரைப் பொதுவில் நிறுத்துவதும் வேண்டாம். ‘ஆட்டக்காரர் அ’, ‘ஆட்டக்காரர் ஆ’ என்றால் போதும்.

லீக் வளர்ந்து, சொந்தமாக ஒரு விளையாட்டையே செய்து வெளியிடலாம் என்ற ஆசை வந்தால், 2016 ஆகஸ்டில் வெளியான போக்கிமான் யுரேனியம் என்ற ரசிகர் விளையாட்டின் கதியை நினைவில் வையுங்கள்: அதை வைத்திருந்த தளங்களுக்கு நின்டென்டோ ஆஃப் அமெரிக்காவின் வழக்கறிஞர்களிடமிருந்து அறிவிப்புகள் வந்தன, உருவாக்கியவர்களே பதிவிறக்க இணைப்புகளை அகற்றிவிட்டார்கள். படங்களும் பெயர்களும் நிறுவனத்தின் சொத்து. நுழைவுக் கட்டணம், பரிசுப் பணம் என்று ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் விதிகளை மட்டும் எழுதி ஆடுவது உத்தமம்.

பந்தயத்தின் நடுவில் சந்தேகம் எழுந்தால்

எவ்வளவு சிரத்தையோடு எழுதினாலும் ஏதேனும் ஒன்று விட்டுப்போயிருக்கும். அப்போது நடுவர் செய்ய வேண்டியது:

1. ஆட்டத்தை அந்த டர்னிலேயே நிறுத்தி, இரு தரப்பின் ஹெச்.பி., படிகள், பி.பி., மிச்சமிருக்கும் டர்ன் கணக்கு ஆகியவற்றை எழுதிவைக்கட்டும். பகடை உருட்டியாகிவிட்டதானால் வந்த எண்ணையும் எழுதட்டும், திருப்பி உருட்டக்கூடாது.
2. இரு தரப்பும் தத்தம் வாதத்தைத் தனித்தனியே ஒரே வாக்கியத்தில் நடுவருக்கு அனுப்பட்டும். எதிராளியின் வாதத்துக்குப் பதில் எழுத அனுமதி இல்லை.
3. விதியில் விடை இருந்தால் பிரிவைச் சுட்டித் தீர்ப்பு. இல்லாவிட்டால், லீக் பின்பற்றும் தலைமுறையின் விளையாட்டில் அதே நிலையை அமைத்து ஆடிப் பார்த்துத் தீர்ப்பு. போலிக்களத்தில் பார்ப்பதானால், லீக்கின் சொந்த நிபந்தனை எதுவும் அதில் சம்பந்தப்படவில்லையே என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.
4. அப்படியும் விடை கிடைக்காவிட்டால், களத்தில் ஏற்கெனவே இருக்கும் நிலைமையை மிகக் குறைவாக மாற்றும் அர்த்தத்தையே கொள்ளட்டும். மேலே சொன்ன பிளிஸ்ஸி வழக்கில் அது 150.
5. தீர்ப்பைத் ‘தற்காலிகம்’ என்று தலைப்பிட்டு, தேதியோடு சச்சரவுக் குறிப்பில் பதிவு செய்யட்டும். அந்தப் பந்தயத்துக்கு அதுவே முடிவு; பின்னால் விதி வேறு விதமாகத் திருத்தப்பட்டாலும் பந்தய முடிவு மாறாது.
6. சீசன் முடிந்தபின், தற்காலிகத் தீர்ப்புகளை மட்டும் ஒருங்கே எடுத்துவைத்துக்கொண்டு படி 1-இலிருந்து மறுபடி தொடங்குங்கள். திருத்திய தொகுப்பை அடுத்த சீசனின் அணிப்பட்டியல்களைக் கேட்பதற்கு முன்பே ஆட்டக்காரர்கள் எல்லோர் கைக்கும் சேர்த்துவிட வேண்டும்.